சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்காமல் ஓர் அப்பளக் குழுவுக்குச் சமூக ஊடகக் கணக்குத் தொடங்கிய விதம்

திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்கு, இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் கணக்குகளைத் தொடங்கிக் கொடுக்கும் வேலையை அண்மையில் செய்து முடித்தேன். குழுவின் பிரதிநிதி என் சித்தி. குழுவில் உள்ள எவருடைய சொந்த எண்ணும் அந்தக் கணக்குகளில் ஏறக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. அதை எப்படி நிறைவேற்றினோம், எந்த இடத்தில் எண் இல்லாமல் நகர முடியாமல் போயிற்று, அங்கே என்ன செய்தோம் என்பதை, இதே தேவை உள்ள மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. சென்ற ஆண்டு வரை பாக்கெட் லேபிளில் சித்தியின் எண்தான் அச்சாகியிருந்தது. யாரோ அந்த லேபிளைப் படம் எடுத்து ஏதோ ஒரு விற்பனைக் குழுவில் போட, அதிலிருந்து அழைப்புகள் தொடங்கின. "எய்யா, நம்பரைப் போட்டாத்தான் சரக்கு போகும்னு சொன்னாவ. இப்ப ராத்திரி பதினோரு மணிக்கு எவன் எவனோ போன் அடிக்கான். ஒருத்தன் பேங்க்ல இருந்து பேசுதேன், வந்த ஓடிபியைச் சொல்லுங்கங்கான்" என்றார் சித்தி. அவர் ஓடிபியைச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரே எண்ணில்தான் அவருடைய வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு, பிள்ளைகளின் பள்ளிக் குறுஞ்செய்தி எல்லாம் இணைந்திருக்கின்றன. அத்தகைய எண்ணை மாற்றுவது எளிதன்று. எனவே அதை மேலும் பரவாமல் காப்பது ஒன்றே வழி.

தளங்களுக்கு மட்டும் கொடுத்து, வெளியே காட்டாமல் வைத்தால் போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கொடுத்த எண் கொடுத்த நோக்கத்தோடு நிற்பதில்லை என்பதற்குப் பதிவான சான்றுகள் உள்ளன. கணக்கின் பாதுகாப்புக்காக என்று பயனர்களிடம் வாங்கிய எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் 2013 முதல் 2019 வரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக, ட்விட்டர் நிறுவனம் 2022 மே மாதம் நுகர்வோர் நலன் காக்கும் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள், கைப்பேசி எண்களோடு சேர்த்து, இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. தொடர்புப் பட்டியலில் உள்ள எண்ணை வைத்து நண்பர்களைக் கண்டுபிடிக்க உதவும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தி 2019 செப்டம்பருக்கு முன்பே திரட்டப்பட்ட விவரங்கள் அவை. வெளியே காட்டாமல் வைத்திருந்தவர்களின் எண்களும் அதில் இருந்தன. இவற்றைச் சொன்ன பிறகு அந்தக் கேள்வி மீண்டும் எழவில்லை.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு குறுக்குவழிகளை விலக்கினோம். முதலாவது, குறுஞ்செய்தியை இலவசமாகப் பெற்றுத் தரும் இணையதளங்கள். தேடினால் நிறையவே கிடைக்கும். அங்கே காட்டப்படும் எண்ணைக் கொடுத்தால், அதற்கு வரும் ஓடிபி அந்தப் பக்கத்திலேயே தெரியும். அந்தப் பக்கத்தைத் திறக்கும் அத்தனை பேருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். இன்று நாம் அந்த எண்ணால் உறுதிப்படுத்திய கணக்கை, நாளை வேறொருவர் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்லி அதே எண்ணுக்கு ஓடிபி வரவழைத்து எடுத்துக்கொள்ளலாம். அது ஒருபுறம் இருக்க, அத்தகைய எண்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பலமுறை பயன்பட்டுத் தளங்களால் தடுக்கப்பட்டவை. இரண்டாவது, பஜாரில் ஒரு கடைக்காரர் தாமாகவே முன்வந்து சொன்ன யோசனை. வேறு யாரோ ஒருவர் பெயரில் ஏற்கெனவே ஆக்டிவேட் செய்த சிம் தருவதாகச் சொன்னார். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஆள்மாறாட்டத்தாலோ மோசடியாலோ சிம் பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்தச் சிம்முக்கு உரியவர் நினைத்தால் எந்த நாளிலும் மாற்றுச் சிம் வாங்கி நம் கணக்கைத் தம்முடையது ஆக்கிக்கொள்ளலாம். உழைத்துச் சேர்க்கும் வாடிக்கையாளர்களை அப்படி ஒருவர் கையில் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் வேலை மின்னஞ்சல். எண்ணைத் தவிர்க்க விரும்புகிறவருக்கு மின்னஞ்சல்தான் அஸ்திவாரம். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மீட்க முடியும் என்பதால், அது போனால் எல்லாம் போகும். கூகுள் கணக்குத் தொடங்கும்போது பெரும்பாலும் கைப்பேசி எண்ணைக் கேட்கும். எனவே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரோட்டான் மெயிலில், குழுவின் பெயரில் ஒரு முகவரி தொடங்கினோம். அங்கே மனிதர்தான் என்று நிரூபிக்க ஒரு படப் புதிரே வந்தது. கடவுச்சொல்லாக, தமக்குள் தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, குழுவினரே ஒன்றை அமைத்தார்கள். அதை யாரும் தங்கள் சொந்தக் கணக்குகளுக்குப் பயன்படுத்துவதில்லை என்றும் முடிவு செய்தார்கள்.

அடுத்து இன்ஸ்டாகிராம். செயலியைத் திறந்து புதிய கணக்கு என்று தொட்டதும் கைப்பேசி எண்ணுக்கான கட்டம்தான் முதலில் வரும். பலர் அதைக் கட்டாயம் என்று நினைத்து எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். அதே திரையில் கீழே, மின்னஞ்சல் முகவரியால் பதிவு செய்யலாம் என்ற தெரிவு சிறிய எழுத்தில் இருக்கிறது. அதைத் தொட்டு முகவரியைக் கொடுத்ததும் ஆறு இலக்கக் குறியீடு மின்னஞ்சலுக்கு வந்தது. அதை இட்டதும் கணக்குத் திறந்தது. உடனே கைப்பேசியில் உள்ள தொடர்புகளை இணைக்கலாமா என்ற கேள்வி வரும். அதற்கு மறுப்புச் சொல்ல வேண்டும். இசைந்துவிட்டால், அந்தக் கைப்பேசியில் சேமித்திருக்கும் அத்தனை பேருடைய எண்களும் தளத்துக்குப் போகும். நம் எண்ணைக் காக்கும் வேலையில் இறங்கிவிட்டு, ஊரார் எண்களைக் கொடுத்துவிடுவது முறையன்று.

சில நாள்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு நாள், அம்பாசமுத்திரத்தில் இருந்த குழு உறுப்பினர் ஒருவர் தம் மகளின் போனில் அந்தக் கணக்கைத் திறக்க முயன்றபோது, நீங்கள் மனிதர்தான் என்று உறுதிப்படுத்துங்கள் என்ற திரை வந்து, கைப்பேசி எண்ணைக் கேட்டது. புதிய கணக்கு வேறொரு கருவியிலிருந்தும் வேறொரு இணைய இணைப்பிலிருந்தும் திறக்கப்படும்போது இத்தகைய சோதனை வருவது வழக்கம். போலிக் கணக்குகளைக் குவிப்பவர்களைத் தடுக்க அது தேவையும்கூட. மின்னஞ்சல் மட்டும் எப்போதும் போதும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். அந்தத் திரையைத் தாண்ட ஓர் எண் வேண்டும். அது சொந்த எண்ணாக இருக்கக் கூடாது, யாருடையதென்று தெரியாத எண்ணாகவும் இருக்கக் கூடாது.

ஆகவே குழுவுக்கென்றே ஒரு சிம் வாங்கினோம். சித்தியின் ஆதாரைக் கொடுத்து, நிறுவனத்தின் சொந்த அலுவலகத்திலேயே, அவர் பெயரிலேயே வாங்கினோம். ஒருவர் பெயரில் தமிழ்நாட்டில் ஒன்பது இணைப்புகள் வரை வைத்திருக்கலாம் என்பதால் இரண்டாவது சிம்முக்கு எந்தத் தடையும் இல்லை. வாங்குவதற்கு முன், அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சித்தியின் எண்ணை இட்டு, அவர் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டோம். நமக்குத் தெரியாத எண் ஏதும் அந்தப் பட்டியலில் இருந்தால், அது தம்முடையதன்று என்று அங்கேயே புகார் கொடுக்கலாம். புதிய சிம் வாங்காதவர்களும் ஒருமுறை இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தச் சிம் சித்தியின் பெயரில் இருந்தாலும், அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ இந்த எண் பதியப்படவில்லை. அதுதான் இதில் உள்ள பாதுகாப்பு. நாளை இந்த எண் எங்கே கசிந்தாலும் அப்பள ஆர்டருக்கான எண் கசிந்ததாகவே ஆகும். சிம்மை முதலில் ஒரு பட்டன் போனில் போட்டு வைக்கலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம் அதே கருவியில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டதை நினைவில் கொண்டு, அப்பளக் கூடத்தில் கணக்கு எழுதும் மேசையில் கிடந்த, இரண்டு சிம் போடக்கூடிய பழைய ஆண்ட்ராய்டு போனைத் துடைத்துச் சுத்தமாக ரீசெட் செய்து, அதில் போட்டோம். அந்தப் போன் இப்போது குழுவின் போன். அதில் யாருடைய சொந்தக் கணக்கும் இல்லை.

எண் வந்தது, ஓடிபி வந்தது, கணக்கு மீண்டும் திறந்தது. ஆனால் அந்த எண்ணை நம்பியே கணக்கை விட்டுவைக்க நான் விரும்பவில்லை. தனி எண்ணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. ப்ரீபெய்டு எண்ணில் அழைப்பு, செய்தி, டேட்டா என எந்தப் பயன்பாடும் இல்லாமல் 90 நாள்கள் போனால், நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு எண்ணை மேலும் 30 நாள்கள் உயிரோடு வைப்பார்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள்கள் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்தில் சொன்னதை நீதிமன்றம் 2023 நவம்பரில் பதிவு செய்தது. அந்த 90 நாள்கள் கழிந்தால் அதே எண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகலாம் என்பதே அதன் மறுபக்கம். அவருக்கு அந்த எண்ணோடு நம் இன்ஸ்டாகிராம் கணக்கின் சாவியும் போய்ச் சேரும். அதனால் குழுக் கூட்டப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ரீசார்ஜ் தேதியை எழுதி வைக்கும்படி ஏற்பாடு செய்தோம். சேமிப்புத் தொகை வசூலிக்கும் நாளிலேயே அதையும் பார்த்துவிடுகிறார்கள்.

அதற்கும் மேலாக, உள்நுழைவின் இரண்டாவது பூட்டை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் குறியீட்டை, குறுஞ்செய்தியிலிருந்து அகற்றி, அந்தக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றினோம். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், சற்று விரித்துச் சொல்ல வேண்டியதும் இதுதான். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதனுள் பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி, அதனுள் டூ ஃபேக்டர் ஆத்தென்டிகேஷன் என்று போனால், ஆத்தென்டிகேஷன் ஆப் என்ற தெரிவு இருக்கும். அதைத் தொட்டதும் ஒரு க்யூஆர் கோடும், அதன் கீழே நீளமான ஓர் எழுத்துச் சரமும் தோன்றும். அந்தச் சரம்தான் ரகசியச் சாவி. தளம் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது, நம் செயலி ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை. 1970 ஜனவரி 1 முதல் கடந்துள்ள விநாடிகளை 30ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணை அந்தச் சாவியோடு சேர்த்து இரண்டும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. சாவியும் நேரமும் ஒன்றே என்பதால் விடையாக வரும் ஆறு இலக்கமும் ஒன்றாகவே இருக்கும். 30 விநாடிகளுக்கு ஒருமுறை அது மாறும். 2011இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6238 என்ற பொதுவான தரநிலை இது. எனவே எந்த நிறுவனத்தின் ஆத்தென்டிகேட்டரையும் பயன்படுத்தலாம். நாங்கள் ஏஜிஸ் என்ற திறமூலச் செயலியை வைத்துக்கொண்டோம்.

செயலி க்யூஆரைப் படித்தது. 30 விநாடிகளுக்கு ஒருமுறை எண்களும் மாறின. ஆனால் எந்த எண்ணை இட்டாலும் தளம் தவறு என்றே சொன்னது. க்யூஆரை மீண்டும் படிக்கவைத்தும் பயனில்லை. மேசைக்கு மேலே சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னதாக ஓடுவதைக் கண்டபோதுதான் காரணம் புரிந்தது. பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க நம் வீடுகளில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பது வழக்கம். ரீசெட் செய்த பிறகு அந்தப் போனுக்கு நேரம் வைத்த உறுப்பினர், தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்தே நேரத்தைத் திருத்தியிருந்தார். போனின் நேரம் பத்து நிமிடம் முன்னே இருந்ததால், செயலி பத்து நிமிடம் கழித்து வர வேண்டிய எண்ணை இப்போதே காட்டிக்கொண்டிருந்தது. தேதி, நேர செட்டிங்ஸில் நெட்வொர்க் தரும் நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி மாற்றியதும், அடுத்த எண்ணிலேயே பூட்டுத் திறந்தது. ஆத்தென்டிகேட்டர் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் இனி நான் முதலில் பார்க்கச் சொல்வது போனின் கடிகாரத்தைத்தான்.

இந்த முறையால் இன்னொரு பயனும் உண்டு. குறுஞ்செய்திக்கு டவர் வேண்டும், இதற்கு வேண்டாம். காரையாறு பக்கம் போனால் சிக்னல் கிடைப்பது அரிது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டபோது, மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் முடங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். வைஃபை மட்டும் கிடைக்கும் இடத்தில் ஓடிபிக்காகக் காத்திருப்பவர் உள்ளே போக முடியாது. செயலியில் எண் வைத்திருப்பவர் போய்விடுவார்.

ரகசியச் சாவியை ஒரு தாளில் கையால் எழுதி வைத்தோம். அதில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையான இலக்கங்களும் மட்டுமே வரும். பூஜ்யமும் ஒன்றும் வராது என்பதால், வட்டமாகத் தெரிவது எழுத்தா எண்ணா என்று குழம்ப வேண்டியதில்லை. நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்து எழுதி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையில் சரிபார்த்தார். செயலி கைவசம் இல்லாதபோது உள்நுழையத் தளம் தந்த பேக்கப் கோடுகளையும் அதே தாளின் பின்புறம் எழுதி, சேமிப்புப் புத்தகங்கள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். போன் தொலைந்தாலும், உளுந்து மாவுச் சட்டியில் விழுந்து கெட்டாலும், அந்தத் தாள் இருந்தால் வேறொரு போனில் செயலியை மீண்டும் அமைத்துவிடலாம். குழுத் தலைவியின் போனிலும் அதே சாவியை இட்டு வைத்தோம். இரண்டு போன்களிலும் ஒரே நேரத்தில் ஒரே ஆறு இலக்கம் வருவதைக் கண்டபோதுதான், இது எப்படி வேலை செய்கிறது என்பது குழுவில் அனைவருக்கும் விளங்கியது. இவ்வளவும் முடிந்த பிறகு, அக்கவுண்ட்ஸ் சென்டரில் உள்ள தொடர்பு விவரங்களிலிருந்து கைப்பேசி எண்ணை நீக்கி, மின்னஞ்சலை மட்டும் விட்டோம். நீக்கிவிட்டதால் நிறுவனத்தின் பதிவேடுகளிலிருந்தும் அது அழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இனி அந்த எண்ணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்ற முடியாது.

கணக்கை வணிகக் கணக்காக மாற்றும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். மாற்றத்தின் நடுவே, வாடிக்கையாளர் தொடர்புகொள்வதற்கான மின்னஞ்சலும் எண்ணும் கேட்கப்படும். அங்கே கொடுப்பது சுயவிவரப் பக்கத்தில் பொத்தானாகவே எல்லோருக்கும் தெரியும். தொடர்பு விவரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்ற தெரிவும் அதே திரையில் உண்டு. நாங்கள் குழுவின் எண்ணை மட்டும் கொடுத்தோம்.

ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்க அந்தப் பக்கத்துக்கென்று எண் எதுவும் தேவையில்லை. ஆனால் அதை ஒரு தனிநபரின் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். குழுத் தலைவியின் பழைய கணக்கில் அவருடைய எண் ஏற்கெனவே இருந்ததால், அந்த எண்ணை வைத்து அவரை யார் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்ற செட்டிங்கை, தான் மட்டும் என்பதற்கு மாற்றினோம். பக்கத்தின் முழுக் கட்டுப்பாட்டை இருவருக்குக் கொடுத்தோம். ஒருவர் கணக்கு முடங்கினாலும் பக்கம் நிற்காது.

வாட்ஸ்அப் பிசினஸைக் குழுவின் எண்ணில் பதிந்து, உடனே இரு படிச் சரிபார்ப்பில் ஆறு இலக்கப் பின் வைத்தோம். வேறொருவர் எப்படியாவது மாற்றுச் சிம் பெற்று அதே எண்ணைப் பதிய முயன்றால், ஓடிபிக்குப் பிறகு இந்தப் பின்னையும் கேட்கும். மாற்றுச் சிம் மோசடி சாமானியரிடம் மட்டும் நடப்பதன்று. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டோர்ஸியின் கணக்கே, அவருடைய எண்ணைக் கைப்பற்றியவர்களால் சற்று நேரம் ஆட்கொள்ளப்பட்டது. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாள்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற விதி வந்திருக்கிறது. அது ஒரு தடுப்பு, ஆனால் பின் வைப்பதற்கு மாற்றாகாது.

எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருந்த நேரத்தில், சென்னையிலிருந்து வந்த முதல் ஆர்டருக்கான பணம் கட்டும்போது இன்னொரு கசிவு தெரிந்தது. சித்தி அனுப்பிய க்யூஆர் கோடைப் படித்ததும், வாடிக்கையாளரின் திரையில் சித்தியின் பத்து இலக்கச் சொந்த எண் அப்படியே தோன்றியிருக்கிறது. பணம் செலுத்தும் செயலிகள் சிலவற்றில், கைப்பேசி எண்ணோடு வங்கியின் அடையாளத்தைச் சேர்த்ததே இயல்பான யுபிஐ முகவரியாக அமைகிறது. க்யூஆர் கோடுக்குள் இருப்பதும் அந்த முகவரிதான். எனவே வங்கியில் குழுவின் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்குக்கு, குழுவின் எண்ணைப் பதிந்து, செயலியின் யுபிஐ பகுதியில் எண் இல்லாத, பெயர் மட்டும் கொண்ட முகவரி ஒன்றை உருவாக்கி, புதிய க்யூஆரை அச்சிட்டோம். பழைய க்யூஆர் ஒட்டிய பாக்கெட்டுகள் இன்னும் சில கடைகளில் இருக்கின்றன. ஆடி மாத ஆர்டர் தொடங்குவதற்குள் அவற்றின் மேல் புதிய லேபிளை ஒட்டி முடிக்க வேண்டும்.